நிலவறையில் ஒரு நீர்க் கிடங்கு

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், சனிக்கிழமை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டொலீடோ என்றொரு நகரம் இருக்கிறது. அன்று பொழுது விடிவதற்குள் அந்நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு வந்துவிட்டது. குழாய் நீரைக் குடிக்க வேண்டாம், அதைக் காய்ச்சவும் வேண்டாம் என்பதே அது.

குடிக்க வேண்டாம் என்றது புரிகிறது. காய்ச்ச வேண்டாம் என்றது ஏன்? காய்ச்சிய நீரே நல்ல நீர் என்றுதானே நமக்குச் சிறு வயது முதல் சொல்லித் தருகிறார்கள்?

காய்ச்சினால் நுண்ணுயிர்கள் மடியும், அதில் ஐயமில்லை. ஆனால் அன்று டொலீடோவின் நீரில் கலந்திருந்தது உயிரன்று, நஞ்சு. அந்நகரம் ஈரி என்னும் மாபெரும் ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கிறது. (ஈரி ஏரி, ஈரி ஏரி என்று விரைவாகச் சொல்லிப் பாருங்கள்; நாக்குக்கு நல்ல பயிற்சி!) ஏரியின் மேற்குப் பகுதி ஆழம் குறைந்தது, கோடையில் விரைவில் சூடேறுவது. சுற்றுப்புற வயல்களில் இடும் உரத்திலுள்ள பாஸ்பரஸ் மாமீ என்னும் ஆற்றின் வழியே அங்கே வந்து சேருகிறது. சூடும் உரமும் கிடைத்தால் பிறகென்ன? நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் ஒருவகை பாக்டீரியா பச்சைக் கஞ்சி போல நீரெங்கும் பெருகுகிறது. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் இனம் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. இது ஈரலைத் தாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்க வைப்பதால் இந்த நஞ்சு சிதைவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடும். காய்ச்சக் காய்ச்ச ரசம் உறைப்பு ஏறுவதைப் போலத்தான்.

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இந்த அறிவிப்புக்கு உட்பட்டார்கள். சில மணி நேரத்தில் கடைகளில் பாட்டில் நீர் தீர்ந்தது. பலர் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலமான மிச்சிகனுக்கு ஓடினார்கள். திங்கட்கிழமை காலைதான் தடை நீங்கியது. அந்த மூன்று நாள்களும் வரிசையில் நிற்காமல் வீட்டிலேயே இருக்க முடிந்தவர்கள் யார்? நிலவறையில் முன்கூட்டியே நீர் சேர்த்து வைத்திருந்தவர்கள்.

அந்த நிலவறையைத்தான் இப்போது நாம் பார்க்கப் போகிறோம். மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில், பூமிக்கடியில் ஓர் அறையில் கிடக்கும் பாட்டில் நீரை எடுத்துக் குடிக்கலாமா? அது கெடாதா?

முதலில் அந்த அறை ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஓஹியோ போன்ற குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் நிலமே உறைந்துபோகும். மண்ணிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகும்போது விரிவடைகிறது. விரிவடைந்து மேலே இருப்பதைத் தூக்குகிறது. வீட்டின் அடித்தளம் ஆழமில்லாமல் இருந்தால் சுவர் வெடித்துவிடும். ஆகவே உறைநிலை எட்டாத ஆழத்துக்குத் தோண்டித்தான் அடித்தளம் போட வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடுகிறது! வெந்நீர்க் கொதிகலன், வீட்டைச் சூடாக்கும் உலை, துணி துவைக்கும் எந்திரம் எல்லாம் அங்கே போய்விடுகின்றன. நம் ஊரில் நிலம் உறைவதில்லை. ஆதலால் நம் வீடுகளுக்கு நிலவறை தேவைப்படவில்லை.

நீர் சேர்த்து வைக்க இந்த அறை நல்ல இடம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எடை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் நீர் வேண்டும் என்று அமெரிக்க அரசின் பேரிடர்த் துறை கணக்குச் சொல்கிறது. குடிப்பதற்கும் ஓரளவு சமைக்கவும் கழுவவும் இது போதும். மூன்று நாளைக்காவது வேண்டும். இரண்டு வாரத்துக்கு இருந்தால் நல்லது என்பார்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு வாரம் என்றால் எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள்: 212 லிட்டர் வரும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. மூன்று பெரிய மனிதர்களின் எடையை ஒரு மூலையில் அடுக்கிவைப்பது போல அது. மண்மேல் நேராக அமர்ந்த நிலவறைத் தளத்துக்கு இது ஒரு சுமையே அன்று.

இரண்டாவது காரணம், குளிர்ச்சி. நிலத்துக்குள் சில மீட்டர் ஆழம் போனால் கோடை, பனிக்காலம் என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்கு அருகிலேயே மண் இருக்கும். டொலீடோவில் அது 10 டிகிரி செல்சியஸ் அளவு. மண்ணால் சூழப்பட்ட அறையும் கோடையில் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இந்தக் குளிர்ச்சி எவ்வளவு விலை மதிப்புள்ளது என்பதைச் சற்றுப் பின்னால் காண்போம்.

நீர் கெடுமா?

பால் கெடும்; மோர் புளிக்கும்; சோறு ஊசிப்போகும். நீர் ஊசிப்போகுமா? ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த அந்த மூலக்கூறு நூறு ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும். பால் கெடுவது பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையையும் புரதத்தையும் தின்பதால். தூய நீரில் அவை தின்ன ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் பாட்டிலில் அடைக்கும்முன் பெரும்பாலும் ஓசோன் வாயுவைச் செலுத்துகிறார்கள். அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டுத் தானும் ஆக்சிஜனாக மாறி மறைந்துவிடுகிறது. அதன் பின்னும் தீமையற்ற ஒருசில பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கலாம். அடைத்த நீர் அறுவை சிகிச்சைக் கருவிகளைப் போல முற்றிலும் கிருமி நீக்கியது அன்று. ஆயினும் குடிப்பதற்கு அது போதும்.

அப்படியானால் பாட்டிலின் மேல் தேதி எதற்கு? அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பாட்டில் நீருக்குக் காலாவதித் தேதி எதையும் கட்டாயமாக்கவில்லை. முறையாக அடைத்து, திறக்காமல் வைத்த நீர் காலவரையின்றிப் பாதுகாப்பானது என்றே அது கருதுகிறது. நாளானால் சுவையோ மணமோ மாறலாம் என்று மட்டும் சொல்கிறது. நியூ ஜெர்சி மாநிலம் 1987இல் ஒரு சட்டம் செய்து, இரண்டு ஆண்டுக்குள் அடங்கும் தேதியை அச்சிடச் சொன்னது. ஒரு மாநிலத்துக்கென்று தனியாக அச்சிடுவானேன் என்று நிறுவனங்கள் எல்லாப் பாட்டிலிலும் அடித்துவிட்டன. பின்னாளில் அந்த விதி போயிற்று. ஆனால் அச்சிடும் பழக்கம் போகவில்லை!

நீர் கெடாது சரி. ஆனால் சுவை மாறலாம் என்கிறார்களே, அது எப்படி? பாட்டில் மூடியிருக்கிறது, முத்திரை உடையவில்லை, உள்ளே எதுவும் போக வழியில்லை. பிறகு சுவையை மாற்றியது யார்?

வழி இருக்கிறது என்பதுதான் விடை. கதவு வழியாக அன்று, சுவர் வழியாக!

சுவருக்குள் நடை

உங்கள் வீட்டுச் சமையலறையில் பெருங்காயக் கட்டி ஒன்றைப் பாலித்தீன் உறையில் நன்றாகச் சுற்றி, மிளகு சீரகம் உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். சில நாள் கழித்துத் திறந்தால் டப்பா முழுவதும் பெருங்காயம் மணக்கும். உறையில் ஓட்டை இல்லையே, மணம் எப்படி வெளியே வந்தது?

பிளாஸ்டிக் என்பது நூல்கண்டு சிக்கியதுபோல நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் ஒரு பொருள். சங்கிலிகள் அசையாமல் கிடப்பதில்லை. வெப்பத்தால் எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கின்றன. நெளியும்போது இங்கொரு சிறு இடைவெளி திறக்கும், அங்கொன்று மூடும். சிறிய மூலக்கூறு ஒன்று அந்த இடைவெளியில் குதிக்கிறது. அடுத்தது திறந்ததும் அதில் குதிக்கிறது. நெரிசலான திருவிழாவில் கூட்டத்தின் நடுவே ஒரு சிறுவன் புகுந்து புகுந்து மறுபக்கம் வந்துவிடுகிறான் அல்லவா, அதேதான். இதை விரவல் என்கிறோம். கண்ணாடியிலும் உலோகத்திலும் இந்த வித்தை நடக்காது.

எல்லாப் பொருளும் எல்லாப் பிளாஸ்டிக்கிலும் இப்படிப் புகுந்துவிடுவதில்லை. இனம் இனத்தோடு சேரும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாயம் கரைக்கும் டர்ப்பன்டைன், அந்துருண்டை ஆகியவை எண்ணெய்த் தன்மை உடையவை. பாலித்தீனும் அத்தகையதே, ஆகவே அவற்றின் ஆவிகள் பாலித்தீனில் எளிதாகக் கரைந்து ஊடுருவுகின்றன. அமெரிக்கக் கடைகளில் ஒரு காலன் நீர் விற்கும் வெண்மையான குடுவைகள் பாலித்தீனால் ஆனவை. தெளிவாகக் கண்ணாடிபோல் மின்னும் சிறு பாட்டில்கள் பாலிஎதிலீன் டெரிப்தாலேட் என்னும் வேறு பிளாஸ்டிக், சுருக்கமாகப் பெட். இதை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள், நூலிழைக்காக. பாட்டிலாக ஊதும் முறைக்கு 1973இல் டூபாண்ட் நிறுவனத்தின் நதானியேல் வயத் காப்புரிமை பெற்றார். பெட்டின் சங்கிலிகள் இறுக்கமானவை. ஊடுருவல் மிகக் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை. பெட் பாட்டிலில் உள்ள சோடா நாளாக ஆக வீரியம் குறைவது கரியமில வாயு சுவர் வழியே நழுவுவதால்தான்.

இப்போது ஓர் அமெரிக்க நிலவறையை மனத்தில் கொண்டுவாருங்கள். ஒரு மூலையில் சுவருக்கு அடித்து மிஞ்சிய சாயத் தகரங்கள், பக்கத்தில் பூச்சிமருந்து, சில வீடுகளில், வைக்கக் கூடாது என்று தெரிந்தும், புல்வெட்டும் எந்திரத்துக்கான பெட்ரோல் தகரமும். காற்றோட்டம் குறைவு, ஆவிகள் வெளியேற வழியில்லை. நடுவில் ஆறு மாதமாக நீர்க் குடுவைகள்! உடைக்காத முத்திரையைத் திறந்து குடித்தவர் மண்ணெண்ணெய் வாடை வீசுகிறது என்று நிறுவனத்தின்மேல் கோபப்பட்டால், பாவம், நிறுவனம் என்ன செய்யும்? நீர் ஓர் அறையில், மணக்கும் பொருள்கள் வேறோர் இடத்தில் என்பதே இங்கு முதல் விதி.

நீரைக் கான்கிரீட் தரைமேல் வைக்கக் கூடாது, கான்கிரீட்டிலுள்ள ரசாயனம் உள்ளே ஏறிவிடும் என்று பலர் சொல்வார்கள். கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புப் பொருள்கள் ஆவியாகிப் பறப்பவை அல்ல. அவை பிளாஸ்டிக்கைக் கடப்பதற்கில்லை. என்றாலும் தரைமேல் வைக்காமல் பலகைமேல் வைப்பது நல்ல பழக்கமே. குளிர்ந்த தரையில் ஈரம் கோத்து அட்டைப் பெட்டிகள் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் சிந்தியிருந்தால் அதுவும் பட்டுவிடும்.

வெப்பம் செய்யும் வேலை

பாட்டிலின் சுவர் இன்னொரு வகையிலும் பேச்சுக்கு இடம் தருகிறது. வெளியிலிருந்து உள்ளே வருவது இருக்கட்டும், சுவரே நீருக்குள் எதையாவது விடுகிறதா?

பெட் தயாரிக்கும்போது வினையை விரைவுபடுத்த ஆன்டிமனி என்ற உலோகத்தின் ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். பழங்காலத்தில் கண்ணுக்கு மை தீட்டிய அஞ்சனக்கல்லில் இருப்பதும் இதே உலோகம். அதில் ஒரு சிறு பங்கு பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடுகிறது. குடிநீரில் ஆன்டிமனி நூறு கோடியில் 6 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் வரம்பு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடைகளில் வாங்கிய பெட் பாட்டில்களைப் பல வெப்பநிலைகளில் வைத்து, இந்த வரம்பைத் தாண்ட எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 2008இல் வெளியான அவர்களுடைய முடிவு இது: 60 டிகிரியில் 176 நாள்; 65 டிகிரியில் 38 நாள்; 70இல் 12 நாள்; 75இல் 4.7 நாள்; 80இல் 2.3 நாள், 85இல் 1.3 நாள்.

இந்த எண்களைக் கொண்டு வரைபடத் தாளில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். 25 டிகிரிதான் ஏறியிருக்கிறது. வேகமோ ஏறத்தாழ 135 மடங்கு ஆகிவிட்டது! சங்கிலிகள் எவ்வளவு வேகமாக நெளிகின்றனவோ அவ்வளவு எளிதாகப் பொருள்கள் நழுவுகின்றன. இனி எதிர்ப்பக்கம் பாருங்கள். அதே ஆய்வில் 22 டிகிரியில் மூன்று மாதம் வைத்த நீரில் ஆன்டிமனி நூறு கோடியில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. தொடக்கத்தில் இருந்த அளவுக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நிலவறையின் குளிர்ச்சி விலை மதிப்புள்ளது என்று முன்பு சொன்னேனே, இதற்காகத்தான்.

பாட்டில் நீரெல்லாம் நஞ்சு என்று சிலர் அலறுவதும் சரியன்று. எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று அலட்சியமாக இருப்பதும் சரியன்று. வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் உள்ளே முன்பலகையில் 60 டிகிரிக்கு மேல் ஏறுவதுண்டு. காரிலேயே ஒரு கோடை முழுவதும் கிடந்த பாட்டிலைச் செடிக்கு ஊற்றுவதே என் விருப்பம்.

வெள்ளம் புகுந்தால்

இவ்வளவு நல்ல நிலவறைக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. அது பள்ளத்தில் இருக்கிறது! பெருமழை பெய்தால் நீர் அங்கேதான் முதலில் போகும். சாக்கடை நிரம்பினால் தரையிலுள்ள வடிகால் வழியாகக் கழிவுநீர் எதிர்த்து மேலே வருவதும் உண்டு. அப்போது மிதக்கும் பாட்டில்களை எடுத்துக் கழுவித் துடைத்துக் குடிக்கலாமா?

கூடாது என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். திருகு மூடியுள்ள எந்தப் பாட்டிலும் வெள்ளநீர் பட்டால் எறிய வேண்டியதே. மூடியைத் திருகிப் பாருங்கள். மூடிக்கும் கழுத்துக்கும் இடையே மரைகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடுக்கில் புகுந்த சேறு போகாது. மூடியைத் திறக்கும் கணத்தில் அது வாய்க்கே வந்து சேரும். ஆகவே அறிந்தவர்கள் நிலவறையிலும் உயரமான தட்டிலேயே அடுக்குகிறார்கள். ஒரு பங்கை மேல்மாடியில் வைக்கிறார்கள்.

கடையில் வாங்காமல் குழாய் நீரைத் தாங்களே பிடித்து வைப்பவர்களும் உண்டு. குளோரின் கலந்த நகராட்சி நீர் அதற்கு ஏற்றது. ஆனால் நாளடைவில் குளோரின் குறைந்துவிடுவதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கச் சொல்கிறார்கள். பால் இருந்த குடுவையில் மட்டும் பிடிக்கக் கூடாது. எவ்வளவு கழுவினாலும் பாலின் புரதமும் சர்க்கரையும் சிறிது ஒட்டியிருக்கும். பாக்டீரியாக்களுக்கு அதுவே விருந்து.

நிலவறையில் நிற்கும் வெந்நீர்க் கொதிகலனில் 150 லிட்டருக்குக் குறையாமல் நீர் இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளலாமே என்று கூர்மையான மாணவர் யாரேனும் கேட்கக்கூடும். புயலில் குழாய் நீர் நின்றுபோனால் எடுக்கலாம். அரசே அந்த யோசனையைச் சொல்கிறது. ஆனால் டொலீடோவில் குழாய் நிற்கவில்லை, நஞ்சோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாளி வெந்நீர் திறந்தால் ஒரு வாளி நஞ்சு நீர் கொதிகலனுக்குள் போயிருக்கும். முன்பே அடைத்து மூடிய நீர் ஒன்றுதான் அன்று நம்பத் தகுந்ததாக இருந்தது.

நம் வீட்டில்

அந்த நிலவறைகளின் மிகத் தாழ்ந்த மூலையில் ஒரு குழி இருக்கும். கசியும் நீர் அதில் சேர, ஒரு பம்பு அதை வெளியேற்றும். அந்தக் குழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் என்ன தெரியுமா? சம்ப்! அவர்களுக்கு வேண்டாத நீரை இறைத்துக் கொட்டும் குழி. சென்னைவாசிகளுக்கோ வேண்டிய நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி. நிலவறைக்கு உள்ள குறை இதற்கும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் சம்பில் கழிவுநீர் கலந்தது. முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் இட்ட பிறகே அவற்றில் மீண்டும் நீர் பிடிக்க முடிந்தது.

நம் தெருக்களில் கடை வாசலில் 20 லிட்டர் கேன்கள் வெயிலில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பத்தோடு ஒளியும் சேர்ந்தால் பாசி வளரும்; சில கேன்களின் உட்சுவரில் இளம்பச்சை படர்வது இதனால்தான். கேன் வாங்கும்போது ஒருமுறை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த கேனை மண்ணெண்ணெய்க்கும் பினாயிலுக்கும் பக்கத்தில் வைக்காமல், வெயில் படாத மூலையில் வையுங்கள்.

சுவர் வழியே மணம் நடந்து போவதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு சிறு பாலித்தீன் பைகளில் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றி, காற்றில்லாமல் இறுக முடிச்சுப் போடுங்கள். மூடியுள்ள இரண்டு எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீர்ப் பையோடு ஒரு துண்டுப் பெருங்காயத்தைப் பையில் படாமல் ஒரு மூடியில் வையுங்கள். மற்றதில் பையை மட்டும் வையுங்கள். பெட் பாட்டில் சிறியது கிடைத்தால் அதில் நீர் நிரப்பி முதல் டப்பாவிலேயே சேர்த்து வைக்கலாம். பத்து நாள் திறக்க வேண்டாம். பிறகு பைகளையும் பாட்டிலையும் வெளியே நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, வேறோர் அறையில், மூன்று கண்ணாடிக் குவளைகளில் நீரை ஊற்றுங்கள். எந்தக் குவளை எது என்று தெரியாத தங்கையையோ தம்பியையோ கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள். குடிக்க வேண்டாம். அவர்கள் எந்தக் குவளையைக் காட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு அதே சோதனையை ஒரு தொகுதி வெயிலிலும் ஒரு தொகுதி நிழலிலுமாக மீண்டும் செய்து, எதில் மணம் முந்துகிறது என்று பாருங்கள்.